உதவித்தொகை தானாக நடந்து வாராது

(சங்கத்தின் வெள்ளி விழாவில் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர், பி.ஏ., பி.எட்., ஆற்றிய உரை)

 

வெள்ளி விழாவில் வாழ்த்திப் பேசுவது மரபு. வாழ்த்த வேண்டிய செயல்களை இச்சங்கம் ஏராளமாகச் செய்திருக்கிறது. மாலை வகுப்பு நடத்தியது. பத்தாம் வகுப்பில் தவறியவரை மீண்டும் தேர்வெழுத வைத்தது. சாதிச் சான்றிதழுக்காக வட்டாட்சியர் அலுவலகத்தின் படிகளை எத்தனையோ முறை ஏறி இறங்கியது. அவற்றை எனக்கு முன் பேசியோர் சிறப்பாக எடுத்துரைத்தார்கள். ஆகவே நான் வாழ்த்துரையை ஒரு வரியில் முடித்துக்கொண்டு, நம் பிள்ளைகள் வழுக்கி விழுகின்ற ஓர் இடத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன். ஒரு படிப்பை முடித்து அடுத்த படிப்புக்கு, ஒரு கல்லூரியிலிருந்து மற்றொரு கல்லூரிக்கு மாறுகின்ற இடமே அது. அந்த இடத்தில் உதவித்தொகை அறுந்துபோகாமல் காப்பது எப்படி என்பதே என் உரையின் பொருள்.

சேலத்திலிருந்து ஏர்க்காட்டுக்கு வரும் மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஓட்டுநரைக் கேட்டுப் பாருங்கள். நேர்ச்சாலையில் அவருக்கு அச்சம் இல்லை, வளைவில்தான் கவனம் என்பார். கல்விப் பாதையும் அத்தகையதே. ஒரே கல்லூரியில் மூன்றாண்டு தொடர்ந்து பயிலும் பிள்ளைக்கு இடர் குறைவு. கல்லூரி மாறும் வளைவில்தான் நம் பிள்ளைகளைப் பள்ளம் விழுங்குகிறது.

இந்த மலையின் வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் என்பவர் சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். காப்பித் தோட்டங்கள் பெருகின. தோட்ட வேலைக்கெனச் சமவெளியிலிருந்து வந்தோரில் நம் முன்னோரும் இருந்தனர். இம்மலையின் மூத்த குடிகளான மலையாளிப் பழங்குடி மக்களோடு சேர்ந்து இந்த மண்ணை உழைப்பால் நனைத்தார்கள். நாடு விடுதலை பெற்றபின் 1951ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகள் இருபத்தைந்து பேருக்கு மேல் இருந்தால், அங்கே தொடக்கக் கல்விக்கு ஏற்பாடு செய்விக்க அச்சட்டம் வழிவகுத்தது. நல்ல ஏற்பாடுதான். ஆயினும் தொழிலாளியின் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதுக்கு மேலும் படிப்பு உண்டு என்று அன்றைய சட்டம் எண்ணிப் பார்க்கவில்லை. நாம் எண்ணினோம். அந்த எண்ணமே இச்சங்கமாயிற்று.

இன்று நம் பிள்ளைகளிற் பலர் பத்தாம் வகுப்போடு பாலிடெக்னிக்கையோ தொழிற்பயிற்சி நிலையத்தையோ நாடுகிறார்கள். அதைச் சிலர் தாழ்வாகப் பேசுகிறார்கள். நான் அவ்வாறு கருதவில்லை. அஃது ஓர் ஏணி. பத்தாம் வகுப்புத் தேறி இரண்டாண்டு தொழிற்பயிற்சி முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பட்டயம் பெற்றவர் பொறியியல் கல்லூரியில் பி.இ. வகுப்பின் இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரலாம். பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியற் பிரிவு கிடைக்காத பிள்ளையும், பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்ட இயலாத பிள்ளையும் பொறியாளர் ஆவதற்கு இந்த ஏணி ஒன்று போதும். ஆனால் இதற்கு ஒவ்வொரு படியிலும் ஒரு கல்லூரியை விட்டு மற்றொரு கல்லூரிக்குச் செல்லவேண்டும். படி ஏற ஏற வளைவுகளும் கூடும்.

இனி நான் கூறப்போவது என் தவறு ஒன்றை. இதனோடு தொடர்புடையவர் இவ்வரங்கில் இருக்கிறார். அவருடைய இசைவைப் பெற்றே கூறுகிறேன், பெயரைக் கூறமாட்டேன்.

2019ஆம் ஆண்டு. என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர், லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவர், தந்தையும் தாயும் காப்பி பறிப்பவர்கள். பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் பட்டயத்தை முதல் வகுப்பில் முடித்தார். மூன்றாண்டும் அரசின் உதவித்தொகை தவறாது கிடைத்தது. மேலே பி.இ. சேர விரும்பினார். அவ்வேளையில் இடைத்தரகர் ஒருவர் வந்து, "கலந்தாய்வுக்கெல்லாம் போகவேண்டாம், ஒரு கல்லூரியில் நேராக இடம் வாங்கித் தருகிறேன், உங்களுக்குத்தான் உதவித்தொகை வருமே" என்று ஆசை காட்டினார். மாணவர் என்னிடம் வந்து கேட்டார். நான் மதிய உணவு கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தி, "உனக்கு உதவித்தொகை உண்டு, தைரியமாகச் சேர்" என்றேன். எந்த வகை இடம் என்று நான் கேட்கவில்லை.

அது நிர்வாக ஒதுக்கீட்டு இடம். அவ்வகை இடத்தில் சேர்ந்தவருக்கு உதவித்தொகை இல்லை என்று மத்திய அரசு 2018ஆம் ஆண்டிலேயே விதி வகுத்திருந்தது. விண்ணப்பம் தள்ளுபடியாயிற்று. கல்லூரி கட்டணம் கேட்டது. தந்தை வட்டிக்கு வாங்கினார். தாயின் தோடு அடகுக் கடைக்குப் போயிற்று. அடுத்த பருவத்துக்குப் பணம் இல்லை. மாணவர் படிப்பை விட்டார். கட்டணப் பாக்கி என்று சொல்லி அவருடைய மூலச் சான்றிதழ்களையும் அங்கே நிறுத்தி வைத்துக்கொண்டார்கள். மூலச் சான்றிதழ்களைக் கல்வி நிறுவனங்கள் பிடித்து வைத்துக்கொள்ளலாகாது என்று 2018இல் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்திருந்ததை எடுத்துக்காட்டி, நானும் நம் செயலாளரும் மூன்று முறை நடந்து அவற்றை மீட்டு வந்தோம். சான்றிதழ் வந்தது, ஆண்டு வரவில்லை. கடன் தீர மூன்றாண்டு ஆயிற்று. தோடு மூழ்கியே போயிற்று.

சான்றிதழ்களை அவர் கையில் கொடுத்த அன்று நான் ஆறுதலாக, "முன்பே நன்றாகக் கேட்டிருக்கலாமே, தம்பி" என்றேன். அவர் கோபப்படாமல், "நான் கேட்டேன், சார். நீங்கள் விசாரிக்கவில்லை" என்றார். முப்பதாண்டு ஆசிரியப் பணியில் எனக்குக் கிடைத்த பாராட்டுகள் பல. அவற்றுள் ஒன்றேனும் இச்சொல்லைப்போல் என் நெஞ்சில் நிற்கவில்லை.

அதன் பின்னரே நான் விதிகளைப் படிக்கத் தொடங்கினேன். படித்ததில் தெளிந்த உண்மை ஒன்று. உதவித்தொகை மாணவனுக்குரிய உரிமைதான். ஆனால் அவன் பின்னாலேயே அது நடந்து வாராது. ஒரே படிப்பில் ஆண்டு மாறினால் அது புதுப்பித்தல். படிப்பும் கல்லூரியும் மாறினால் அது புதிய விண்ணப்பம். பழைய கல்லூரியில் இருந்த கோப்பு அங்கேயே முடிந்துவிடும். புதிய கல்லூரியில் நாம் முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

2021ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மத்திய அரசு விதிகளைப் பாருங்கள். அட்டவணைச் சாதி மாணவருக்கான பள்ளி மேற்படிப்பு உதவித்தொகைத் திட்டம் படிப்புகளை நான்கு பிரிவுகளாக்குகிறது. தொழிற்பயிற்சியும் பாலிடெக்னிக் பட்டயமும் நான்காம் பிரிவு. பொறியியற் பட்டம் முதற் பிரிவு. கட்டணம் நீங்கலாக மாணவர் கைக்கு வரவேண்டிய கல்விப்படி, நான்காம் பிரிவில் விடுதி மாணவருக்கு ஆண்டுக்கு 4,000 ரூபாய், வீட்டிலிருந்து செல்பவருக்கு 2,500 ரூபாய். முதற் பிரிவிலோ விடுதி மாணவருக்கு 13,500 ரூபாய், வீட்டிலிருந்து செல்பவருக்கு 7,000 ரூபாய். ஆகவே பட்டயத்திலிருந்து பட்டத்துக்கு மாறுகிறவர் பழைய தொகையைத் தொடர்பவர் அல்லர். வேறொரு பிரிவில் புதிதாக நுழைபவர். விடுதி மாணவருக்கு மூன்று மடங்குக்கு மேல் உயரும் தொகையை, விண்ணப்பிக்க மறந்த ஒரே காரணத்தால் முழுவதும் இழப்பது எவ்வளவு பெரிய பேதைமை!

செலவில் நூற்றுக்கு அறுபது மத்திய அரசும் நாற்பது மாநில அரசும் ஏற்கும் என்பது அவ்விதிகளின் ஏற்பாடு. மாநிலத்தின் பங்கு சென்ற பின்னர் மத்திய அரசின் பங்கு மாணவரின் வங்கிக் கணக்குக்கே நேராக வரும். அதில் கல்லூரிக்குரிய கட்டணமும் அடங்கியிருக்கும். அதை வீட்டுச் செலவுக்கென எடுத்துவிட்டுப் பின்னர் கல்லூரியில் தலைகுனிந்து நிற்பது வேண்டாம்.

இந்த இடத்தில் அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையை நினைவுகூர விரும்புகிறேன். அவர் பெருமைகளை ஆண்டுதோறும் ஏப்ரல் திங்களில் பேசுகிறோம். அவரும் இதே வளைவில் இடறியவர் என்பதைப் பேச மறந்துவிடுகிறோம். பரோடா மன்னர் சாயாஜிராவ் அளித்த உதவித்தொகையைக் கொண்டு அவர் 1913இல் அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகம் சென்றார்; 1915இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். 1916இல் இலண்டன் பொருளியற் பள்ளிக்கு மாறினார். பல்கலைக்கழகம் மாறிய மறு ஆண்டே, 1917இல், உதவித்தொகைக்குரிய காலம் முடிந்தது. ஆய்வைப் பாதியில் விட்டுத் தாயகம் திரும்பினார். நான்காண்டுக்குள் திரும்பி வந்து தொடரலாம் என்று இலண்டன் அவருக்கு இசைவளித்தது. அந்த இசைவை அவர் விடவில்லை. 1918 முதல் பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராக உழைத்துச் சேமித்தார். கோலாப்பூர் மன்னர் சாகு மகராசர் உதவினார். நண்பர் நவல் பத்தேனா கடன் கொடுத்தார். 1920இல் மீண்டும் இலண்டன் சென்றார், 1923இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார்.

அத்துணைப் பேரறிவு படைத்தவருக்கே கல்லூரி மாறும் இடத்தில் உதவி அறுந்தது. அறுந்த இடத்தில் ஒரு மன்னரும் ஒரு நண்பரும் கைகொடுத்தார்கள். காப்பி பறிக்கும் தாயின் மகனுக்கு அந்த நண்பர் யார்? நாம்தான். வேறு எவர்?

தாம் பட்ட துன்பத்தை அவர் மறக்கவில்லை. வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்தபோது, 1942இல், நம் மக்களின் குறைகளை எழுதி அரசுக்கு அளித்தார். அறிவியல், தொழில்நுட்பக் கல்விக்கு உதவித்தொகை வேண்டும் என்று அதில் வற்புறுத்தினார். 1944இல் உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது. இன்று நம் பிள்ளைகள் பெறுவது அந்த வேரிலிருந்து கிளைத்த மரத்தின் கனி.

வெளிநாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவில் இரண்டாண்டு சமுதாயக் கல்லூரியில் குறைந்த செலவில் பயின்று, பின்னர் பல்கலைக்கழகத்துக்கு மாறும் வழக்கம் உண்டு. இல்லினாய்ஸ் மாநிலத்து ஜோலியட் நகரில் 1901இலேயே அத்தகைய அரசுக் கல்லூரி தோன்றிவிட்டது. ஏழை மாணவருக்கு அங்கே பெல் உதவித்தொகை என்ற அரசுதவி உண்டு. மாணவர் கல்லூரி மாறினால் புதிய கல்லூரியின் பெயரை விண்ணப்பத்தில் சேர்த்தாக வேண்டும். ஆண்டுதோறும் விண்ணப்பிக்கவும் வேண்டும். வாழ்நாளில் பன்னிரண்டு பருவங்களுக்குச் சமமான அளவே அது கிடைக்கும். செல்வம் கொழிக்கும் நாட்டிலும் உதவித்தொகை தானாக நடந்து வருவதில்லை.

ஆகவே பெற்றோர்களே, மாணவர்களே, நான் கூறும் சிலவற்றை மனத்தில் இருத்துங்கள்.

முதலாவது, கலந்தாய்வு வழியே சேருங்கள். நேரடி இரண்டாமாண்டுச் சேர்க்கைக்கு அரசு தனியே கலந்தாய்வு நடத்துகிறது. ஆதிதிராவிடருக்கு 18 விழுக்காடு இட ஒதுக்கீடும், அதற்குள் 2009 முதல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடும், பழங்குடியினருக்கு 1 விழுக்காடும் இம்மாநிலத்தில் உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டு இடத்தை யார் வெள்ளித் தட்டில் வைத்துக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

இரண்டாவது, ஒரே படிநிலையில் பக்கவாட்டில் தாவாதீர்கள். ஒரு பட்டயம் முடித்து மற்றொரு பட்டயம், ஒரு பட்டம் முடித்து அதே நிலையில் வேறொரு பட்டம் என்று சென்றால் உதவித்தொகை கிடையாது. பட்டயத்திலிருந்து பட்டத்துக்கு ஏறுவது மேற்படி, அதற்கு உண்டு.

மூன்றாவது, சான்றுகள். பழைய கல்லூரியிலிருந்து மாற்றுச் சான்றிதழையும் எல்லாப் பருவத்து மதிப்பெண் பட்டியல்களையும் உடனே பெறுங்கள். வருமானச் சான்றிதழைப் புதிதாக எடுங்கள். பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை இலட்ச ரூபாய்க்கு மேற்படலாகாது. வங்கிக் கணக்கு மாணவர் பெயரில், ஆதாரோடு இணைக்கப்பட்டதாக இருக்கட்டும். சாதிச் சான்றிதழிலும் ஆதாரிலும் மதிப்பெண் பட்டியலிலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றாக உள்ளனவா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

நான்காவது, சுயநிதிக் கல்லூரி என்றவுடன் அஞ்சிப் பின்வாங்காதீர்கள். அங்குப் பயிலும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவம் தழுவிய ஆதிதிராவிடர் மாணவரின் கட்டணத்தை அரசு ஏற்க 2012ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசின் 92ஆம் எண் அரசாணை வழிசெய்தது. மத்திய அரசின் திட்டத்தில் கிறித்தவ ஆதிதிராவிடருக்கு இடமில்லை. மாநில அரசே தனியாக அளிக்கிறது. நம் மலையில் மாதா கோவிலுக்குச் செல்லும் குடும்பங்கள் பல. "நமக்கு இல்லை" என்று அவர்கள் ஒதுங்கிவிட வேண்டாம்.

ஐந்தாவது, விடுதி. ஆதிதிராவிடர் நல விடுதி என்று நாம் அறிந்தவை 2025 முதல் சமூகநீதி விடுதி என்று பெயர் பெற்றுள்ளன. கல்லூரி மாறினால் விடுதிக்கும் புதிய விண்ணப்பம் வேண்டும். மலையிலிருந்து நாள்தோறும் கருப்பூருக்கோ அதற்கு அப்பாலோ சென்று திரும்புவது என்பது உடலையும் காசையும் கரைக்கும் செயல்.

இவ்வளவையும் ஒரு பிள்ளை தனியாகச் செய்யக்கூடுமா? மூன்றாண்டுகளுக்கு முன் நம் சங்கத்துப் பெண் ஒருவர் பட்டயம் முடித்தார். அவருக்குக் கலந்தாய்வில் நல்ல இடம் கிடைத்தது. ஆனால் ஆதாரில் தலைப்பெழுத்து ஒன்று, மதிப்பெண் பட்டியலில் மற்றொன்று. வங்கிக் கணக்கோ ஆதாரோடு இணையாதது. இறுதி நாளுக்குப் பன்னிரண்டு நாட்களே இருந்தன. நம் செயலாளர் அவரை அழைத்துக்கொண்டு இ-சேவை மையத்துக்கும் வங்கிக்கும் மாறி மாறி அலைந்தார். இரண்டு நாள் முன்பாக விண்ணப்பம் சென்றது. கல்லூரி திறந்து உதவித்தொகை வரும்வரை பேருந்துக்கும் புத்தகத்துக்கும் விடுதி முன்பணத்துக்கும் சங்கம் கடன் கொடுத்தது. தொகை வந்ததும் அவர் முதல் வேலையாக அக்கடனைத் திருப்பிச் செலுத்தினார். அறிவில் அந்தப் பெண்ணுக்கும் நான் முன்னர்ச் சொன்ன மாணவருக்கும் வேற்றுமை இல்லை. வளைவில் ஒருவருக்குத் துணை இருந்தது, மற்றவருக்கு இல்லை. அவ்வளவே.

ஆகவே வெள்ளி விழாக் காணும் இச்சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஒன்று, தொழிற்பயிற்சியிலும் பாலிடெக்னிக்கிலும் இறுதியாண்டு பயிலும் நம் பிள்ளைகள் ஒவ்வொருவரின் பெயரையும் எழுதிய பதிவேடு ஒன்று சங்கத்தில் இருக்கவேண்டும். மலையாளி மக்களின் பிள்ளைகளையும் அதில் சேர்த்துக்கொள்வோம். அவர்கள் இடரும் கல்லும் நாம் இடரும் கல்லும் ஒன்றே.

இரண்டு, ஆண்டுதோறும் ஏப்ரல் 14ஆம் நாள் மாலை அணிவித்த கையோடு, அந்தப் பதிவேட்டைத் திறந்து வைத்து, ஒவ்வொரு பிள்ளையின் சான்றிதழையும் சரிபார்க்க வேண்டும். அண்ணலுக்கு அதைவிடச் சிறந்த மாலை இல்லை.

மூன்று, இடைக்கால நிதி ஒன்று நிறுவவேண்டும். அரசுப் பணம் வரும்; ஆனால் வகுப்பு தொடங்கிய பிறகே வரும். இடையிலுள்ள சில மாதங்களைக் கடக்க முடியாமலேயே பிள்ளைகள் கூலிக்குத் திரும்பி விடுகிறார்கள். இது தருமம் அன்று. திரும்பி வரும் கடன். பத்தேனா தம் நண்பருக்குச் செய்ததை நாம் நம் பிள்ளைகளுக்குச் செய்வோம். அந்நிதிக்கு என் ஒரு மாதச் சம்பளத்தை இன்று செயலாளரிடம் அளிக்கிறேன். இதைக் கொடை என்று எவரும் பாராட்ட வேண்டாம். 2019இல் நான் கேட்க மறந்த ஒரு கேள்விக்குக் காலங்கடந்து செலுத்தும் வட்டி இது.

அந்த மாணவர் பி.இ. படிப்பைத் தொடரவில்லை. சேலத்தில் ஒரு தொழிற்சாலையில் பணிபுரிகிறார். ஆயினும் மே, ஜூன் திங்கள்களில் ஞாயிறுதோறும் மலையேறி வந்து, பட்டயம் முடித்த பிள்ளைகளின் அருகில் அமர்ந்து, "உனக்குக் கிடைத்திருப்பது எந்த ஒதுக்கீட்டு இடம்?" என்று கேட்கிறார். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. இனி அதை இச்சங்கம் கேட்கட்டும். இங்குள்ள ஒவ்வொரு தாயும் தந்தையும் கேட்கட்டும்.

இச்சங்கம் பொன்விழாக் காணும் நாளில் இம்மலையின் பொறியாளர்கள் இம்மேடையை நிறைக்கவேண்டும் என்று வாழ்த்தி அமர்கிறேன்.